எங்கள் வீட்டில் இன்னொருவர் பெயர்

மற்றவர்களின் வீடுகளைக் கிண்டிப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், அஜக்ஸில் ஒரு லோயரின் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கிளார்க்காக இருக்கிறேன். யாராவது வீடு வாங்கவோ விற்கவோ வந்தால், அந்த வீடு உண்மையில் யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் என்ன கடன் எழுதியிருக்கிறது, சொந்தக்காரருக்கு எதிராக ஏதும் தீர்ப்பு இருக்கிறதா என்று அரசாங்கப் பதிவுகளைப் பார்த்துச் சொல்லவேண்டும். இந்தப் பதிவுகள் இரகசியம் இல்லை. கட்டணத்தைக் கட்டினால் யாரும் யாருடைய வீட்டையும் பார்க்கலாம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த மற்றப் பாதிப் பேர் என்னைக் கலியாண மண்டபங்களில் பிடித்துவிடுவார்கள்.

“பிள்ளை, மில்லிக்கன் பக்கம் ஒரு பொடியன் பேசி வந்திருக்கு. சொந்த வீடாம். ஆற்ற பேரில கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லன்.”

சாதகம் பொருந்திய பிறகு வீட்டுப் பதிவும் பொருந்தவேண்டும். நான் முகத்தைச் சுளிப்பேன். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பார்த்துச் சொல்லியும் இருக்கிறேன். நின்றுபோன ஒன்றிரண்டு சம்பந்தங்களில் எனக்கும் பங்கு உண்டு.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தத் தேடலுக்கு விற்பி நகரில் இருந்த காணிப் பதிவு அலுவலகத்துக்கு நேரே போகவேண்டும். அந்த அலுவலகம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நீளமான கவுண்டர். அதற்குப் பின்னால் கன்வஸ் உறை போட்ட பெரிய புத்தகங்கள். ஒன்றைத் தூக்கி மேசையில் வைக்க இரண்டு கையும் வேண்டும். மைக்ரோபிலிம் பார்க்கும் இயந்திரங்கள் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும். பதிவு தேடுவதையே முழுநேரத் தொழிலாகச் செய்த வயதான வெள்ளைக்காரர்கள் சிலர் அங்கே தினமும் வருவார்கள். காதில் பென்சில், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. நான் சற்றுப் பிந்தினால் எனக்காக ஒரு கதிரையில் தங்கள் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். மத்தியானம் நான் காருக்குள் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, கையை நன்றாகக் கழுவி, கழுவினேனா என்று மோந்தும் பார்த்துவிட்டுத்தான் அந்தப் புத்தகங்களைத் தொடுவேன்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரே கமக்காரனின் பெயர் இருக்கும். நூறு ஏக்கர். அவனிடமிருந்து மகன், மகனிடமிருந்து பேரன். பிறகு ஒரு வீடு கட்டும் கம்பனி. அதன் கீழே காணி துண்டு துண்டாகப் பிரியும். கடைசியில், ஒரு சோளக்காடு முழுவதும் எங்கள் ஆட்களின் பெயராகிவிடும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வரும். கொரோனாவோடு அந்தக் கவுண்டரை மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் கொம்பியூட்டரில். வேகம்தான், வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இடம் பிடித்து வைக்க இப்போது யாருமில்லை.

ஊரார் வீடெல்லாம் பார்த்த எனக்கு, எங்கள் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

அப்பா இறந்து இரண்டு குளிர்காலம் கழிந்திருந்தது. அம்மா வடக்கு ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கத்தில், நாங்கள் வளர்ந்த வீட்டில் தனியாக இருந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டது. படுக்கையறை மேலே, அடுப்படி கீழே. ஒருநாள் படியில் சறுக்கி, மூன்று படி குந்தியபடியே கீழே வந்திருக்கிறார். அதை எனக்குச் சொல்லவே ஒரு கிழமை எடுத்தார். அதன்பிறகுதான் அந்த வீட்டை விற்று, அஜக்ஸில் எனக்குக் கிட்ட, படி இல்லாத ஒரு வீடு வாங்கலாம் என்று சம்மதித்தார். அவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

ஒரு மத்தியானம், வேலையிடத்தில் சாப்பிட்டபடியே எங்கள் வீட்டு விலாசத்தை அடித்தேன். பதிவுப் பக்கம் வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அதன் கீழே இன்னொரு ஆணின் பெயர். அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. பக்கத்தில், ‘கூட்டாக’ என்று அர்த்தப்படும் அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்.

அந்தச் சொல்லை நான் எத்தனையோ கணவன் மனைவிக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். இருவர் ஒரு வீட்டைப் பங்கு பிரித்து வைத்திருந்தால், ஒருவர் இறந்ததும் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். கூட்டாக வைத்திருந்தால் அப்படியில்லை. ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்குத்தான். அதாவது, நான் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தின்படி, அம்மா அந்த நேரம் தோசைக்கு உழுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்த வீடு அம்மாவுடையது இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நாங்கள் கண்ணால் காணாத ஒரு மனிதருடையது.

வீட்டு வரிக் கடிதத்தில் இந்தப் பெயர் இல்லாமலா இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. எங்கள் பெயர்கள் நீளம். இரண்டையும் ஒட்டி, பாதியில் வெட்டி அச்சடித்திருந்தார்கள். அப்பா இறந்தபிறகு அந்த வரியைக் கட்டியது நான்தான். வழக்கம்போல எங்கள் பெயரைக் கொத்திவிட்டார்கள் என்று நினைத்து, ஒருமுறைகூட ஒழுங்காக வாசிக்கவில்லை. இதுதான் நான் பதிவு பார்க்கிற இலட்சணம்.

அந்தப் பெயருக்குரியவரை நான் மறக்கவில்லை. தம்பியும் நானும் அவரை பேஸ்மென்ற் அங்கிள் என்று கூப்பிடுவோம்.

அப்பாவும் அவரும் எண்பதுகளின் கடைசியில் அகதிகளாக வந்து ஒரே அப்பார்ட்மென்ற்றில் இருந்தவர்கள். ஒரே தொழிற்சாலை. அப்பாவுக்குப் பகல் வேலை, அவருக்கு இரவு வேலை. ஆகவே இருவருக்கும் ஒரு மெத்தை போதுமாக இருந்ததாம். அப்பா எங்களை ஊரிலிருந்து கூப்பிட்ட பிறகு வீடு வாங்க ஆசைப்பட்டார். ஒருவருடைய சம்பளத்துக்கு வங்கி கடன் தராது. அம்மா அப்போதுதான் வந்திறங்கியிருந்தார், வேலை இல்லை. நண்பர் தன் பெயரைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடையே இது ஒரு பெரிய விஷயமே இல்லை. குளிருக்கு ஜக்கெற் இரவல் கொடுப்பதுபோல வங்கிக்குப் பெயரைக் கொடுத்தார்கள். யாரும் யாரிடமும் எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எழுத்தில் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம்.

அவர் வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்ற்றில் ஐந்தாறு வருடம் எங்களோடு இருந்தார். என் பள்ளிக்கூட நினைவுகளில் பாதி அவரோடுதான் ஒட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் பெரிய சட்டியில் கூழ் காய்ச்சுவார். அதில் கிடக்கும் நண்டுக்காலை எனக்கு ஒளித்து வைப்பார். தம்பிக்கும் எனக்கும் பனிச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தால் எப்போதும் இரண்டு அளவு பெரிதாக இருக்கும். “வளரத்தானே போறியள்” என்பார். நாங்கள் சப்பாத்துக்குள் காலுறையை அடைத்துக்கொண்டு வாத்துகள் மாதிரி பள்ளிக்கூடம் போவோம். பனி கொட்டிய நாட்களில் இரவு வேலை முடிந்து வந்து, படுக்காமல், நாங்கள் வழுக்கிவிழுவோம் என்று வாசல் வழியை வெட்டித் துப்பரவாக்கிவிட்டுத்தான் கீழே போவார். பிறகு ஒருநாள் அவர் போய்விட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டதற்கு அப்பா, “அவருக்கு வேலை தூரமாப் போச்சு” என்றார். பிள்ளைகள் நாங்கள் அதை நம்பினோம்.

அன்று வேலை முடிந்ததும் நேரே அம்மாவிடம் போனேன். பயப்படுத்தக்கூடாது என்று சுற்றிவளைத்துத் தொடங்கினேன். அம்மா இரண்டாவது வசனத்திலேயே பிடித்துவிட்டார்.

“அந்தப் பேர் இன்னும் கிடக்கோ?”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“பேர் குடுத்தது தெரியும். எடுத்தாச்செண்டுதான் கொப்பர் எனக்குச் சொன்னவர். அது முடிஞ்ச கதை, பேசாம இரு எண்டவர்.”

அம்மா கதிரையில் இருந்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வீடு வாங்கிச் சில வருடங்களில் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. இனி நண்பரின் பெயர் தேவையில்லை. எடுக்கவேண்டுமென்றால் அவர் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். கீழே பத்துப் படி இறங்கிப் போய், “மச்சான், அந்தப் பேரை எடுப்பம்” என்று கேட்டால் முடிந்தது. அப்பாவுக்கு வெட்கமாம். இவ்வளவு செய்தவனிடம் எந்த வாயால் கேட்பது என்று யோசித்தாராம். யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு லோயரைக்கொண்டு கடிதம் அனுப்பினார். அதே வீட்டு விலாசத்துக்கு. அதே கடிதப் பெட்டிக்கு. அதை எடுத்துக்கொண்டுவந்து தன் கையாலேயே பேஸ்மென்ற் படியில் வைத்ததும் அப்பாதான்.

“அவர் மேல வந்தவர், அந்தக் கடிதத்தோட. ‘நான் உங்கட வீட்டைக் களவெடுத்துப் போடுவன் எண்டு நினைச்சியளோ’ எண்டு கேட்டவர். ‘நீ வாயால வந்து கேள், நிண்டபடி கையெழுத்து வைக்கிறன்’ எண்டார். கொப்பர் பேசாம நிண்டார். அந்தக் கிழமையே மனிசன் சாமானைக் கட்டிக்கொண்டு போட்டார்.”

“அப்பா பிறகு போய்க் கேக்கேல்லையோ?”

“கேட்டதெண்டுதானே நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு சுவர்களைப் பார்த்தார். “இப்ப அந்த மனிசன் வீட்டைவிட்டு எழும்பு எண்டால் நான் எழும்ப வேணும். என்ன?” என்றார். அப்படியெல்லாம் நடக்காது, சட்டத்தில் வழி இருக்கிறது, கடனை யார் கட்டினார்கள் என்று காட்டி வழக்காடலாம் என்று பெரிதாகச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். வழக்கென்றால் வருடக் கணக்கு. அம்மாவின் முழங்கால் அதுவரை காத்திராது. பேஸ்மென்ற் அங்கிள் உயிரோடு இருந்து, விரும்பி ஒரு கையெழுத்துப் போடவேண்டும். அதைவிட்டால் நல்ல வழி இல்லை. அப்பாவுக்குப் பிறகு அவரும் இறந்துபோயிருந்தால், வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போயிருக்கும்.

ஆகவே தேடினேன். முதலில் எனக்குத் தெரிந்த இடத்தில். ரொறன்ரோ, யோர்க், டுர்ஹம், மூன்று பகுதியிலும் அவருடைய பெயரில் என்ன காணி, என்ன வீடு இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றே ஒன்று வந்தது. எங்கள் வீடு. முப்பது வருடத்தில் வேறொன்றும் வாங்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விலாசம் கிடைக்கவில்லையே என்றுதான் எரிச்சல் வந்தது.

அடுத்தது, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வி. இங்கே பிறப்பு இறப்புப் பதிவுகள் வீட்டுப் பதிவுகள்போலத் திறந்து கிடப்பதில்லை. நெருங்கிய உறவினருக்குத்தான் கொடுப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்களிடம் அதைவிட விபரமான பதிவேடு ஒன்று இருக்கிறது. இணையத்தில் வரும் மரண அறிவித்தல். எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், யாருடைய மருமகன், பிள்ளைகள் எந்த நாட்டில், எல்லாம் அதில் வரும். எந்த அரசாங்கமும் இவ்வளவு கவனமாக எழுதிவைப்பதில்லை. அதில் எனக்குப் பிடித்தது ‘காலஞ்சென்ற’ என்ற சொல். இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் மட்டும் அது நிற்கும். அது இல்லாவிட்டால் ஆள் இருக்கிறார்.

இரண்டு நாள் வாசித்தேன். எத்தனை முகங்கள். என் கீழ்வகுப்பில் படித்த ஒருத்தியின் தாய், நாங்கள் மீன் வாங்கிய கடைக்காரர், என் முதல் நடன ரீச்சர். தேடப் போன ஆளை மறந்து இவர்களுக்காக அழுதேன். மூன்றாம் நாள், போன வருடம் ஸ்காபரோவில் இறந்த ஒரு பெண்ணின் அறிவித்தலில் அவருடைய பெயர் சகோதரர்களின் வரிசையில் இருந்தது. இரண்டு அண்ணன்மாருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ நின்றது. இவருக்கு முன்னால் இல்லை. நான் அலுவலகத்தில் இருந்தபடி “அப்பாடா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அறிவித்தலின் அடியில் அந்தப் பெண்ணின் மகனுடைய போன் நம்பர் இருந்தது. அவன் இப்போது தூரத்தில், கல்கரியில். இங்கே பிறந்து வளர்ந்தவன்.

“மாமாவோ? அஜக்ஸிலதான் இருக்கிறார், பேஸ்மென்ற் ஒண்டில. போன் ஆன்சர் பண்ணமாட்டார். ஜஸ்ற் கோ அன்ட் நொக், போய்க் கதவைத் தட்டுங்கோ” என்று விலாசத்தை அனுப்பினான்.

என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். ஒரே கடையில் மீன் வாங்கியிருப்போம்.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவருக்கு எதிராக ஏதும் தீர்ப்பு இருந்தால் அது எங்கள் வீட்டைப் பிடிக்கும். ஆகவே ஒஷாவாவில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். கடன் வழக்கு எதுவும் இல்லை. ஒரு விவாகரத்துக் கோப்பு மட்டும் இருந்தது. எங்களைவிட்டுப் போன பிறகு அவர் கலியாணம் செய்ததே எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இல்லை. பத்து வருடத்தில் பிரிந்திருக்கிறார்கள். அதையெல்லாம் நான் வாசிக்கவேண்டிய அவசியமில்லை. தொழில் என்று சொல்லிக்கொண்டு மற்றவரின் துக்கத்தைப் புரட்டுகிறேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் புரட்டினேன். கலியாண வீட்டில் என்னிடம் கேட்பவர்களும் நானும் ஒரே சாதிதான்.

மனைவியின் பக்கத்து லோயர் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். என் மாதிரி யாரோ ஒரு கிளார்க் தேடியிருப்பாள். இவருக்கு ஸ்காபரோவில் வீடு இருக்கிறது, அதில் பாதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு அவர் சத்தியக் கடதாசி ஒன்று கொடுத்திருந்தார். யாரோ ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. கீழே அவருடைய கையெழுத்து, தமிழில்.

அந்த வீடு என்னுடையதல்ல. என் நண்பனும் அவனுடைய குடும்பமும் அதில் வாழ்கிறார்கள். வங்கிக்காக என் பெயரைக் கொடுத்தேன். அதில் ஒரு சதத்துக்கும் எனக்கு உரிமையில்லை. இவ்வளவுதான்.

அப்போது அப்பாவும் அவரும் பேசாமல் எவ்வளவோ வருடமாகிவிட்டது. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே எங்கள் வீட்டை இரண்டாக்கியிருக்கலாம். எங்களுக்குத் தெரியாமலேயே ஒரு நீதிபதியின் முன்னால் எங்களுக்காகச் சத்தியம் பண்ணிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்று மாலை அப்பா என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? சோபாவில் இருந்து செய்தி பார்த்திருப்பார். எனக்கு அப்பாவை அவ்வளவு பிடிக்கும். அன்றைக்குத்தான், அவர் செத்தபிறகு முதல் தடவையாக, அவர்மேல் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு போனேன். வீட்டின் பக்கக் கதவு. மூன்றாம் தரம் தட்டிய பிறகு திறந்தார். குனிந்த, மெலிந்த மனிதர். எழுபத்தெட்டு வயது. நான் என்னைச் சொல்வதற்கு முன் என் காலைப் பார்த்தார். பிறகு முகத்தை.

“சப்பாத்து இப்ப அளவாய்க் கிடக்கு” என்றார்.

எனக்கு வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஒரு அறை, தாழ்ந்த முகடு, யன்னலால் பார்த்தால் யாரோ ஒருவரின் கார்ச் சில்லு. அப்பா இறந்தது அவருக்குத் தெரியும். அறிவித்தல் பார்த்தாராம். உடலைப் பார்வைக்கு வைத்த அன்று வந்து, மண்டபத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம்.

“செத்தவீட்டுக்கு ஆரும் வரலாம்தானே, அங்கிள். ஏன் உள்ள வரேல்லை?”

“கொம்மா என்னைக் கண்டால், வீட்டுக்காக வந்திருக்கிறன் எண்டு யோசிப்பா. அண்டைக்கு ஏன் அவவுக்கு அந்தப் பயத்தையும் குடுப்பான்?”

நான் கொண்டுவந்த கதையைச் சொன்னேன். அம்மாவின் முழங்கால், வீடு, கையெழுத்து. அப்பா கேட்காததை நான் கேட்கிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்கு முன்பே தலையாட்டிவிட்டார்.

“எங்க வர வேணும், எண்டைக்கு வர வேணும் எண்டு சொல்லு.” பிறகு, சும்மா கேட்பதுபோல, “அதுக்குப் பிறகு நான் அப்ளை பண்ணலாம்தானே?” என்றார்.

“என்னத்துக்கு, அங்கிள்?”

வயதானவர்களுக்கு அரசாங்கம் குறைந்த வாடகையில் கொடுக்கும் அப்பார்ட்மென்ற். அறுபது தாண்டிய வயதில் விண்ணப்பிக்கப் போயிருக்கிறார். சொந்தமாக வீடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

“பேர் இருக்கெண்டால் வித்துப்போட்டோ மாத்திப்போட்டோ வாங்கோ எண்டு அந்தப் பிள்ளை நல்ல மரியாதையாத்தான் சொன்னவ. பிழை சொல்லேலாது. சட்டம் அது. ஆனா நான் எப்பிடிப் பிள்ளை உங்கட வீட்டை விக்கிறது, நீங்கள் அதுக்குள்ள இருக்கேக்க?”

“அப்பாட்ட வந்து சொல்லியிருக்கலாமே.”

“அவன் வந்து கேட்டிருக்கலாம். நானும் போய்ச் சொல்லியிருக்கலாம். அஜக்ஸிலயிருந்து என்ன தூரம்? ரெண்டு பேருக்கும் கொழுப்பு.”

மூன்று பகுதியில் தேடியும் அவர் பெயரில் அந்த ஒரே ஒரு வீடு மட்டும் வந்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எங்களை எழுப்பிவிடுவாரோ என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். உண்மையில், நாங்கள்தான் அவரை இத்தனை வருடம் இந்த அறைக்குள் வைத்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி ஆறுகிறது என்றார்.

கையெழுத்து வைக்கும் நாளுக்கு முன் அவரை வேறொரு லோயரிடம் தனியாக அனுப்பினோம். அதுதான் முறை. அந்த இளம் லோயர் அவருக்குத் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினாராம், நீங்கள் ஒரு முழு வீட்டைக் கொடுக்கிறீர்கள், தெரியுமா என்று. “குடுக்கேல்லைத் தம்பி, எடுத்த இடத்தில வைக்கிறன் எண்டன்” என்று அங்கிள் எங்களுக்குச் சொன்னார்.

எங்கள் அலுவலகத்தில் அம்மாவும் அவரும் எதிரெதிரே இருந்தார்கள். அம்மா அவருக்கென்று வடை சுட்டுக்கொண்டு வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வடையைப் பார்த்தார்கள். பதிவில் இரண்டு படி இருந்தது. முதலில், இறப்புச் சான்றிதழைக் காட்டி அப்பாவின் பெயரை எடுக்கவேண்டும். அதோடு வீடு முழுவதும் அங்கிளுடைய பெயருக்கு வரும். அதன்பிறகுதான் அவர் அம்மாவுக்கு மாற்றலாம். முதலாவதைப் பதிந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தோம்.

“இப்ப வீடு என்ர பேரிலயோ?” என்று கேட்டார்.

“ஓம் அங்கிள். முழுக்க உங்கட.”

“அப்ப, தங்கச்சி,” என்று அம்மாவைப் பார்த்தார், “வெளிக்கிடுங்கோ. நாளைக்கு எனக்கு வீடு வேணும்.”

அம்மா ஒரு கணம் விறைத்துப்போய், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அப்பா போனபிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரிப்பு அழுகையானதும் அவர் வடைத் தட்டை அம்மாவின் பக்கம் தள்ளினார். அடுத்த பதிவும் ஏறியது. அம்மாவின் பெயர் மட்டும் வந்தது.

அம்மா அன்றே அவரிடம் கேட்டார், அஜக்ஸில் வாங்கப்போகும் வீட்டிலும் கீழே ஓர் அறை இருக்கும், வந்து இருங்கோ அண்ணை என்று. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “கீழ இருந்தது காணும், தங்கச்சி. ஒரு கதவு எண்டாலும் என்ர பேரில இருக்கட்டும்” என்றார். அம்மா பிறகு வற்புறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை, புதிய பதிவுப் பக்கத்தின் பிரதியையும் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். எத்தனை வருடம் காத்திருக்கவேண்டும் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. “பத்து வருஷமும் ஆகலாம், அங்கிள்” என்றேன். அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, “அப்ப கெதியா எழுது” என்றார்.

நான் கேள்விகளை வாசித்து எழுதிக்கொண்டு போனேன். உங்களுக்குச் சொந்தமாக வீடோ காணியோ இருக்கிறதா என்ற கேள்வி வந்ததும், “பொறு, அதை நான் போடுறன்” என்று பேனையை வாங்கினார். இல்லை என்ற பெட்டிக்குள் ஆறுதலாக, கோடு வெளியே போகாமல், ஒரு சரி போட்டார். போட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோசப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன்.

“கொப்பருக்கும் எனக்கும் எண்டு அந்தப் பதிவு ஒண்டுதான் மிஞ்சிக் கிடந்தது” என்றார்.

அப்பா ஒருநாளும் வழக்குப் போடாததற்கும் இவர் ஒருநாளும் பெயரை எடுக்காததற்கும் வெறும் கொழுப்பு மட்டும் காரணமில்லை என்று அப்போது நினைத்தேன். பேனையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அடுத்த கேள்வி, அவசரத்துக்கு யாரை அழைக்கவேண்டும் என்பது. அவர் யோசித்தார். கல்கரியில மருமகன் என்று தொடங்கி நிறுத்தினார். நான் அதற்குமேல் அவரைக் கேட்கவில்லை. என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.